சகுந்தலை ஓவியமும் அதனை உடையோரும்

ஒரு நாட்டின் முன்னை நிலையை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச்சுவடியுமே கருவிகள் என்பது கற்றோர் பலர்தம் கருத்து. அக்கருத்துப் பழுதுடையதன்று, எனினும் முற்றுப்பெற்றதும் அன்று. ஓவியமும் ஒரு சாசனமேயாம். அது தன்னை எழுதிய கையை மட்டும் காட்டுவதன்று; எழுதுவித்தோர் யாவர், விலை கொடுத்தோர் யாவர், கண்டு மகிழ்ந்தோர் யாவர், காணப்பெறாது புறத்தே நின்றோர் யாவர் என்பவற்றையும் உடன் காட்டுவது. ஆதலின் ஓர் ஓவியத்தின் அழகை ஆராய்தல் ஒரு துறையாக, அவ்வோவியம் யார் யார் கைப்பட்டு, எவ்வெவ்விடத்து மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றது என ஆராய்தல் மற்றொரு துறையாகும். மேனாட்டார் இவ்விரண்டாந் துறையைக் கண்ணெனப் பேணுவர். நம்மவர் அதனைப் பெரிதாகக் கருதினாரல்லர். அக்குறை அரண்மனைகளை மட்டுமின்றி நம் போன்றோர் இல்லங்களையும் தாக்குவது. ஆகவே, இராசா இரவிவர்மா எழுதிய சகுந்தலை ஓவியத்தின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கு எடுத்துரைத்து, அதனால் நாம் கொள்ளத்தக்க பயன் இஃது என்பதனையும் கூறப் புகுகின்றோம்.

சுவரோவியமும் துணியோவியமும்

பண்டைத் தமிழகத்தில் ஓவியம் பெரும்பாலும் சுவரிலே எழுதப்பட்டது. திருப்பரங்குன்றத்துக் கோயிலைச் சார்ந்த மண்டபத்தில் இந்திரன், அகலிகை, கவுதம முனிவர் முதலியோரின் உருவங்கள் எழுதப்பட்டிருந்தமையும், குன்றம் ஏறி வந்தோர் அவற்றைச் சுட்டிக் காட்டி ஒருவர்க்கொருவர் வினாவியும் விடை கூறியும் மகிழ்ந்தமையும் பரிபாடலிற் கூறப்பட்டுள்ளன. சுவர் இடம்பெயராது, அதன்கண் எழுதிய ஓவியமும் இடம்பெயராது. அதனை ஒருவர் விலைக்கு வாங்கித் தம் இல்லத்துட் பூட்டி வைத்தலும் இயலாது. உள்ளே புக உரிமை பெற்றார் எல்லார்க்கும் அது பொதுவாயிற்று.

ஐரோப்பியர் வரவிற்குப் பின் நெய்வண்ணங் கொண்டு துணியில் எழுதும் முறை இந்நாட்டிற் பரவியது. துணியில் எழுதிய ஓவியத்தைச் சுருட்டலாம், சட்டமிட்டு மாட்டலாம், கப்பலேற்றலாம், விற்கலாம், அடகு வைக்கலாம், பரிசாகக் கொடுக்கலாம். எனவே அதற்கு உடையார் ஒருவர் வேண்டுவதாயிற்று. உடையார் மாறுந்தோறும் அதன் வாழ்வும் மாறலாயிற்று. ஒரு நிலத்திற்குப் பட்டாவும் பத்திரமும் எவ்வாறோ, அவ்வாறே ஒரு துணியோவியத்திற்குக் கைமாற்று வரலாறு இன்றியமையாததாயிற்று.

கிளிமானூரினின்று சென்னை வரை

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவாங்கூர் நாட்டுக் கிளிமானூரிற் பிறந்தவர். அவ்வூர் நம் இராசபாளையத்தினின்று தென்காசி, செங்கோட்டை வழியாக மலை கடந்து செல்வார்க்கு மிகத் தொலைவன்று. மலைக்கு இப்பாலும் அப்பாலும் வணிகம் நடந்தவாறே கலையும் நடந்தது. மதுரையைச் சார்ந்த அழகிரி நாயுடு என்னும் ஓவியர் சுவாதித் திருநாள் மன்னர் காலத்திலே திருவாங்கூர் அரண்மனையில் மதிக்கப்பெற்று விளங்கினார். அவர் வழியிற் பயின்ற இராமசாமி நாயக்கர் பின்னர் அரண்மனை ஓவியரானார். இரவிவர்மா தம் பதினான்காம் அகவையில் தாய்மாமனாரால் ஆயில்யம் திருநாள் மன்னர் முன் கொண்டுவரப்பட்டார். நெய்வண்ண நுட்பத்தைக் கற்பிக்க இராமசாமி நாயக்கர் மறுத்தனர் என்றும், அவர் மாணாக்கராகிய ஆறுமுகம் பிள்ளை மறைவிலே சிறிது கற்பித்தனர் என்றும் இரவிவர்மாவின் வரலாறு எழுதினோர் கூறுவர். 1868இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் மேனாட்டு ஓவியர் எழுதுங்கால் அருகிருந்து நோக்கியும் அவர் பல அறிந்தார். ஆகவே மதுரைத் தமிழரின் கைத்தொழில் மரபும் மேனாட்டு மரபும் ஒருங்கே கலந்த இடத்தில் வளர்ந்தவர் அவர் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி.

அரண்மனையுள்ளேயே இருந்திருப்பின் அவர் பெயரை நாடு அறிந்திராது. அவரை நாடறியச் செய்தவை பொருட்காட்சிகளே. 1873ஆம் ஆண்டு சென்னையில் நடந்த ஓவியக் காட்சிக்கு, மல்லிகைச் சரத்தைக் கூந்தலிற் சூடும் நாயர் மங்கை ஒருத்தியின் ஓவியத்தை அவர் அனுப்பினார். அதற்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு ஆத்திரிய நாட்டு வியன்னா நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியிலும் அவ்வோவியம் பரிசு பெற்றது. மறு ஆண்டு, சரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணொருத்தியின் ஓவியத்தைச் சென்னைக்கு அனுப்பி மீண்டும் தங்கப் பதக்கம் பெற்றார்.

அத்தமிழ்ப் பெண்ணின் ஓவியம் சென்ற வழி கருதத்தக்கது. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னராய் முடிசூடிய வேல்ஸ் இளவரசர் 1875ஆம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடியில் வந்திறங்கி, அப்பொழுது புதிதாய் அமைந்த இருப்புப்பாதை வழியே மதுரைக்கும் திருச்சிக்கும் சென்று சென்னை சேர்ந்தார். கோவில்பட்டி, சாத்தூர், விருதுபட்டி என நம் பக்கத்து ஊர்களை அடுத்தே அப்பாதை செல்கின்றது. சென்னையில் திருவாங்கூர் மன்னர் அவ்விளவரசர்க்கு அளித்த பரிசுகளுள் அத்தமிழ்ப் பெண்ணின் ஓவியமும் ஒன்று. இவ்வாறு தமிழ்ப் பெண்ணைத் தீட்டிய அவ்வோவியம், தமிழ்மக்கள் கண்ணாரக் காணுமுன்னரே, அரசர் ஒருவர் கையினின்று மற்றோர் அரச குலத்தார் கைக்கு மாறிச் சீமைக்குரியதாயிற்று.

சகுந்தலையை விலைகொண்ட கவர்னர்

1876ஆம் ஆண்டு சென்னைக் காட்சிக்கு இரவிவர்மா அனுப்பியது சகுந்தலை மடல் எழுதும் ஓவியம். காளிதாசரின் நாடகத்து மூன்றாம் அங்கத்தில், துடியந்த மன்னன்பால் வைத்த காதலைச் சகுந்தலை தாமரை இலையிலே நகத்தாற் பொறிக்கின்றாள் அன்றோ? அந்நிலையே இங்கு எழுதப்பட்டது. காட்டின் புற்றரையிற் படுத்தவாறு அவள் சிந்தித்திருப்ப, தோழியர் இருவர் அருகிருக்கின்றனர். மறைமலையடிகளார் அந்நாடகத்தைத் தமிழிற் பெயர்த்து வெளியிட்டது 1907இல். அதற்கு முப்பது ஆண்டுகட்கு மேல் முன்னரே அச்சகுந்தலை வண்ணத்தில் வெளிப்பட்டாள்.

அக்காட்சிக்கு வந்த சென்னைக் கவர்னர் பக்கிங்காம் கோமகன் ஓவியத்தைக் கண்ட அளவில் அதனை விலைக்கு வாங்கிக்கொண்டார். வடமொழி அறிஞராகிய மோனியர் வில்லியம்ஸ் தாம் ஆங்கிலத்திற் பெயர்த்த சாகுந்தலத்தின் முகப்பில் அப்படத்தைப் பதிப்பிக்க இசைவு பெற்றார். இதனால், இந்நாட்டு ஓவியர் ஒருவர் எழுதிய சகுந்தலையை மேனாட்டுக் கற்றோர் புத்தகத்தின் வாயிலாகக் காணலாயினர். துணியோ ஒருவருக்குரியது, அதன் பதிப்போ பலர்க்குரியது. இவ்வேறுபாட்டை அன்பர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வரும் செய்திகட்கு இதுவே அடிப்படை.

அந்த 1876ஆம் ஆண்டிலேயே தாது வருடம் பிறந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிராதார் நம் பக்கத்தில் அரியர். அவ்வாண்டுப் பருவமழை பொய்த்ததனால் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அப்பொழுது மாகாணத்தை ஆண்டவர் சகுந்தலையை விலைகொண்ட அக்கோமகனே. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து 1877, 1878ஆம் ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாக ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதனையும் உட்கொண்டு நீளும் கடற்கரைக் கால்வாய் பக்கிங்காம் கால்வாய் என இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. ஒரே மனிதர் பெயர் ஓர் ஓவியத்தின் வரலாற்றிலும், பசித்தவர் வெட்டிய ஒரு கால்வாயிலும் நிற்கின்றது. யாம் இதனைக் கூறுவது ஒருவரைப் பழித்தற்கன்று. ஓவியம் பிறந்த காலத்தையும் அதனை வாங்கும் வலிமை எவரிடத்து இருந்தது என்பதனையும் அறியாது ஓவியத்தை மட்டும் அறிதல் அரைகுறை அறிவேயாம் என்பதற்கே கூறினோம்.

ஸ்டோவ் மாளிகையின் ஏலம்

இனி, அக்கோமகனின் குடும்பத்துப் பழைய நிகழ்ச்சி ஒன்றனைக் காண்போம். கைமாற்று வரலாறு என்பதன் அருமை அதனால் நன்கு விளங்கும்.

அவர் தந்தையார் இரண்டாம் பக்கிங்காம் கோமகன். இங்கிலாந்தில் ஸ்டோவ் என்னும் பெருமாளிகையில் அரசரும் வியக்க வாழ்ந்தவர் அவர். வரவறியாது செலவிட்டுப் பெருங்கடன்பட்டார். கடன் கொடுத்தோர் நெருக்க, 1848ஆம் ஆண்டு ஆகத்து மாதம் தொடங்கி 40 நாள் அம்மாளிகையின் பொருள்கள் ஏலமிடப்பட்டன. ஓவியம், சிலை, வெள்ளிக் கலம், மது, நாற்காலி என அனைத்தும் விலைபோயின. கிடைத்த தொகை ஏறத்தாழ 75,000 பவுன். தந்தையார் பட்ட கடனை அடைத்துக் குடும்பத்தின் பெயரைக் காத்தவர் மகனாராகிய நம் சென்னைக் கவர்னரே.

அவ்வேலத்தில் ஒரு நற்செயல் நடந்தது. எப்பொருள், என்ன விலை, வாங்கினவர் யாவர் என்று ஒன்று விடாமற் குறித்து, அவ்வாண்டே ஒருவர் நூலாக அச்சிட்டார். மாளிகை வெறுமையாயிற்று; பொருள்கள் திசைதோறும் சிதறின; ஆயினும் அந்நூல் இருத்தலின் அவை சென்ற வழியை இன்றும் பின்பற்றலாம்.

அவற்றுள் ஒன்று, ஆங்கிலப் பெரும்புலவர் சேக்சுபியரின் உருவம் எனக் கருதப்படும் ஓவியம். அது சாண்டோஸ் குடியினரிடம் இருந்து பக்கிங்காம் குடியினர்க்கு வந்தமையின் சாண்டோஸ் ஓவியம் எனப்படும். ஏலத்தில் எல்ஸ்மியர் பிரபு அதனை 355 கினிக்கு வாங்கினார். 1856இல் இலண்டன் மாநகரில் நாட்டு உருவ ஓவியச் சாலை தொடங்கப்பெற்றபோது அவர் அதனைப் பொதுவுடைமையாக ஈந்தார். அச்சாலையின் பேரேட்டில் முதலாம் எண் பெற்ற ஓவியம் அதுவே.

ஏலத்திற்கு முந்திய வரலாறு எவ்வாறு தெரிந்தது? ஜார்ஜ் வெர்ட்யூ என்னும் அறிஞர் 1719ஆம் ஆண்டிலே, அவ்வோவியம் அப்பொழுது யாரிடம் உள்ளது, அவர்க்கு முன் யாரிடம் இருந்தது எனக் கேட்டறிந்து தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பெட்டர்டன் என்னும் நடிகரும், அவர்க்கு முன் டேவனன்ட் என்னும் நாடகப் புலவரும் அதனை உடையராயிருந்தமை அவ்வாறே தெரிய வந்தது. ஒருவர் ஒரு நாள் சில வரிகள் எழுதியதனால் முந்நூறு ஆண்டுகட்குப் பின் வந்தோரும் அவ்வோவியத்தின் வழிவரவை அறிகின்றனர். அவ்வரிகள் இலவாயின், பெயரறியாத ஓர் ஆடவன் முகமாகவே அது நின்றிருக்கும். பெரும் பொருட்செலவின்றி, மையும் தாளும் கொண்டு செய்த தொண்டு இதனினும் சிறந்தது யாது?

அரண்மனைச் சுவரினின்று குடியானவன் சுவருக்கு

ஓவியம் ஒருவர் மாளிகையிற் புகுந்தால் மற்றையோர்க்கு மறைந்துபோம் என்னும் குறையை முன்னரே உணர்ந்தவர் கும்பகோணத்திற் பிறந்து, திருவாங்கூரிலும் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாயிருந்த சர் தி. மாதவராவ் ஆவர். இரவிவர்மாவின் ஓவியங்களை விரும்புவோர் பலர். எழுதும் கைகளோ இரண்டு. ஆதலின் சிறந்த சிலவற்றை ஐரோப்பாவிற்கு அனுப்பி வண்ண அச்சிற் பதிப்பித்தல் நன்று என அவர் இரவிவர்மாவிற்குக் கடிதம் விடுத்தார்.

அக்கருத்து உடனே நிறைவேறவில்லை. எனினும் இடையே நடந்த ஒரு நிகழ்ச்சி மக்களின் வேட்கையைப் புலப்படுத்தியது. பரோடா மன்னர் சாயாசிராவ் கெய்க்குவாடர் 1888ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் இரவிவர்மாவைக் கண்டு, தம் புதிய மாளிகையாகிய இலட்சுமி விலாசத்திற்குப் புராண இதிகாசக் கதைகளினின்று 14 ஓவியங்கள் எழுதித் தருமாறு வேண்டினார். பேசிய தொகை 50,000 ரூபாய். இரவிவர்மா தம் இளவலாகிய இராசராசவர்மாவுடன் வடநாடு முழுதும் சுற்றி, மக்களின் உடையும் அணியும் ஆராய்ந்து, கிளிமானூர்க்கு மீண்டு, 1890க்குள் அனைத்தையும் முடித்தார். நளனும் தமயந்தியும், சந்தனுவும் கங்கையும், அரிச்சந்திரனும் சந்திரமதியும் என அவை நம் கூத்திலும் கதையிலும் வழங்குவனவே.

அவ்வோவியங்கள் நேரே அரண்மனை புகவில்லை. முதலில் திருவனந்தபுரத்திலும் பின்னர்ப் பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பம்பாயில் மக்கள் திரள்திரளாக வந்து கண்டனர். ஓவியம் என்பது அரசர்க்கும் துரைமார்க்குமே உரியது என்று எண்ணியிருந்த காலத்தில், கூலியாளும் வணிகனும் வரிசையில் நின்று நளதமயந்தியரைக் கண்டனர். அவர்கள் நிழற்படங்களையேனும் வாங்கிச் செல்ல விழைந்தனர். பின்னரே அவை பரோடா சென்று மாளிகையை அணிசெய்தன. 1893இல் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரத்து உலகப் பொருட்காட்சிக்கு இரவிவர்மா 10 ஓவியங்களை அனுப்பிப் பரிசு பெற்றார். சேதுபதி மன்னர் முதலியோரின் ஊக்கத்தால் விவேகானந்தர் சென்று முழங்கிய அதே நகரம், அதே ஆண்டு. துறவி கடல் கடந்தார், ஓவியர் கடக்கவில்லை, அவர் கைவண்ணமே கடந்தது.

மறு ஆண்டு, அஃதாவது 1894இல், பம்பாயில் இரவிவர்மா தம் சொந்த அச்சுக்கூடத்தை நிறுவினார். செருமானிய நாட்டுப் பொறிகளும் செருமானியத் தொழிலறிஞரும் வந்தனர். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒவ்வொரு கல்லில் உருவெழுதி, ஒரு தாளையே பலமுறை கல்லின்மேல் அழுத்தி, இறுதியில் மெருகெண்ணெய் பூசித் துணியோவியம் போலவே தோன்றச் செய்வது அத்தொழில். அங்கு முதன்முதல் அச்சான படம் யாதெனின், சகுந்தலையின் பிறப்பு. மேனகை குழந்தையை ஏந்தி நிற்ப, விசுவாமித்திரர் முகந்திருப்பி மறுக்கும் காட்சி அது. 1876இல் கவர்னர் ஒருவர் கைப்பட்டு மாளிகை புகுந்த சகுந்தலை, பதினெட்டு ஆண்டு கழித்துக் குழவியாய் மீண்டும் பிறந்து, சில அணா கொடுக்கவல்லார் எல்லார் வீட்டிற்கும் வந்து சேர்ந்தாள் என்று கூறினும் மிகையாகாது.

அதனால் விளைந்த பயனை நாம் எளிதாக எண்ணுதல் கூடாது. திருவாங்கூரில் எல்லாச் சாதியார்க்கும் கோயில் திறக்கப்பட்டது 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள். அந்நாள்கட்கு நாற்பது ஆண்டு முன்னரே இலக்குமியும் கலைமகளும் அச்சுத்தாளில் ஏறி, கோயில் வாயில் மறுக்கப்பட்டார் குடிசைகளுள்ளும் புகுந்து விளக்கொளியில் நின்றனர். தெய்வ உருவைக் காணுதற்கு ஒருவர் இசைவும் வேண்டாத நிலை அவ்வாறு பிறந்தது. ஓவியத்தை உடையார் யார் என்னும் வினா, அதனைக் காணும் உரிமை யாருக்கு என்னும் வினாவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அச்சுக்கூடம் பின்னர் உலோணாவளையை அடுத்த மளவலி என்னும் ஊருக்கு மாற்றப்பட்டு, பொருள் முட்டுப்பாட்டாற் செருமானியராகிய சிலைக்கர் என்பார்க்கு விற்கப்பட்டது. இரவிவர்மா 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். அச்சுக்கூடம் 1972இல் நெருப்புக்கு இரையாயிற்று. ஆயினும் அவர் தொடங்கிய மரபு நம் பக்கத்திலே வேரூன்றியது. சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்று, நாடகத் திரைகள் எழுதி, கோவில்பட்டியில் தங்கிய கொண்டையராசு அவர்களும் அவர் மாணாக்கரும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் ஏறி நாட்காட்டிகளாய் நாடெங்கும் சென்றன. மதுரையினின்று மலை கடந்து சென்ற ஓவிய மரபு, அச்சு வடிவில் மீண்டும் மலைக்கு இப்பால் வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம்.

அச்சினால் ஒரு குறையும் நேர்ந்தது. படம் பெருகப் பெருக அதன் வரலாறு சுருங்கியது. எழுதியவர் பெயரும் ஆண்டும் மறைந்தன. பழைய படம் எதனைக் கண்டாலும் இரவிவர்மா படம் என்று கூறும் வழக்கம் உண்டாயிற்று. காணும் உரிமை பரவிய அளவு, குறித்து வைக்கும் கடமை பரவவில்லை.

பின்னாள் வரலாறு

இரவிவர்மாவின் மூல ஓவியங்கள் மெல்ல மெல்லப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. திருவனந்தபுரத்துச் சித்திராலயம் 1935இல் திறக்கப்பட்டது. பரோடாவின் ஓவியங்களுட் பல, 1961இல் அமைந்த மகாராசா பதேசிங் காட்சிச்சாலையில் இன்று காணக்கிடைக்கின்றன. மைசூர் செகன்மோகன மாளிகையிலும் சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலையிலும் அவர் ஓவியங்கள் உள்ளன. 1993இல் புதுதில்லித் தேசியக் காட்சிச்சாலையில் அவர் ஓவியங்கள் பல திரட்டி வைக்கப்பெற்றன.

இந்திய அரசு 1972இல் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தை இயற்றியது. அதன்படி 1979இல் இரவிவர்மாவின் ஓவியங்கள் நாட்டின் கலைச்செல்வம் என அறிவிக்கப்பட்டன. உடையார் யாவராயினும் இந்நாட்டிலுள்ள அவற்றை அயல்நாட்டிற்கு விற்றுக் கொண்டுசெல்லுதல் இயலாது. 1875இல் தமிழ்ப் பெண் ஓவியம் பரிசாக நாடு நீங்கியது. நூறாண்டு கழிந்தே அவ்வழி அடைக்கப்பட்டது. 2016இல் நிலவொளியில் நிற்கும் இராதையின் ஓவியம் மும்பையில் 20 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போயிற்று. பதினான்கு ஓவியங்கட்கு ஐம்பதினாயிரம் ரூபாய் பெற்றவரின் ஒரே ஓவியத்திற்கு இவ்விலை! இவ்வளவு பொருள் கொடுப்பார் முதற்கண் வினவுவது யாதெனின், இது முன்னர் யார் கையில் இருந்தது, எங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டது என்பதே. வழிவரவு தெரியாத ஓவியம் போலி எனக் கருதப்படும். திருட்டுப் பொருள் என ஐயுறவும் படும்.

நாம் செய்யத்தக்கது

இஃதெல்லாம் அரசர்க்கும் செல்வர்க்கும் உரிய செய்தி. செட்டியார்பட்டியிலும் இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வாழும் நமக்கு யாது பயன் எனச் சிலர் வினவலாம். விடை கூறுவோம்.

நம் பழைய வீடுகளிற் கண்ணாடிச் சட்டத்துள் தஞ்சாவூர்ப் படங்களும், கல்லச்சில் ஆன தெய்வப் படங்களும், பாட்டன் பாட்டியரின் உருவப் படங்களும் தொங்குகின்றன. வீடு இடிக்கப்படுங்கால் அவை மாடத்தினின்று இறக்கப்பட்டுப் பழம்பொருள் வாங்குவோர்க்கு எடைக்குச் சமமாகக் கொடுக்கப்படுகின்றன. உருவப் படத்தில் இருப்பவர் யார் என்பதனை அறிந்த முதியவர் ஒருவரேனும் அவ்வீட்டில் இருப்பர். அவர் கண்மூடிய பின், அம்முகம் பெயரற்ற முகமாகும். பின்னர் அதனை எறிவதற்குப் பேரன் தயங்கான். ஏனெனில் அவனுக்கு அவர் அயலாரே. ஒரு குடியின் வரலாறு அழிவது பகைவர் படையெடுப்பாலன்று; பெயர் எழுதாத சோம்பலாலேயாம்.

நம் குலத்துப் பெரியோர் கிணறு வெட்டினர், பள்ளிக்கு நிலம் ஈந்தனர், கோயில் திருப்பணி செய்தனர் எனக் கூட்டங்களிற் பெருமிதமாகப் பேசுகின்றோம். அவர்தம் முகத்தைக் காட்டும் படத்தின் பின்புறம் ஒரு வரி எழுதினோமா? பேச்சு காற்றிற் கலக்கும், எழுத்தே நிற்கும். ஆதலின் நம் சங்கத்து அன்பர்கள் பின்வருவனவற்றைச் செய்தல் வேண்டும் என விரும்புகின்றோம்.

பழைய படம் உடையார், அதில் எழுதப்பட்டவர் பெயர், எழுதியவர் அல்லது அச்சிட்டவர் பெயர், ஆண்டு, யாரிடமிருந்து எவ்வாறு வந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்பலகையில் இணைத்தல் வேண்டும். படத்தின் மேலேயே மையால் எழுதுதலும் பசை தடவுதலும் கூடா. பழைய சட்டத்தின் பின்னே கடைப்பெயர்த் தாளோ முத்திரையோ இருப்பின் அதனைக் கிழித்தெறிதல் கூடாது. அதுவே அப்படத்தின் பிறப்புச் சீட்டு. முன்புறத்தையும் பின்புறத்தையும் கைப்பேசியால் நிழற்படம் எடுத்து வைத்தல் எளிது. நூறாண்டு கடந்த ஓவியங்களைத் தொல்பொருள் துறையாரிடம் பதிவு செய்தல் சட்டப்படி வேண்டுவது என்பதனையும் அறிந்திருத்தல் நலம். பதிவு செய்தலால் உடைமை பறிபோகாது. உடைமைக்கு அரண் உண்டாகும்.

சங்கத்தார் ஒரு பேரேடு தொடங்கி, ஊர்தோறும் உள்ள அத்தகைய படங்களின் குறிப்பைத் திரட்டலாம். ஆண்டுவிழாவின்போது இரண்டு நாளேனும் அவற்றை ஒரு கூடத்தில் வரிசையாக வைத்து, பெண்டிரும் பிள்ளைகளும் காணச் செய்யலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும் ஆண்டும் எழுதி வைப்பின், கல்லாத முதியோரும் வந்து பிழை திருத்துவர். அறியாத செய்தி கூறுவர். பள்ளிப் பிள்ளைகளை ஏவி வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வரச் செய்தலும் நன்று. ஆசிரியத் தொழிலில் உள்ள யாம் அவ்வேலைக்கு எம் உழைப்பை விருப்புடன் அளிப்போம்.

மாளிகையின் பொருள் முழுதும் நாற்பது நாளில் இழந்த குடும்பத்தின் வரலாறு ஒரு நூலினால் நின்றது. பெரும்புலவர் ஒருவரின் முகம் ஒருவர் எழுதிய சில வரியினால் நின்றது. நம் பாட்டன்மாரின் முகம் நிற்றற்கு வேண்டுவதும் அவ்வளவே. அவ்வரிகளை எழுதத்தக்கவர், அவர்தம் பெயரை இன்று நினைவில் வைத்திருக்கும் நாமே. நம் மக்கள் அல்லர். ஆதலின் காலம் தாழ்த்தாது, இவ்விதழைக் கீழே வைத்தவுடன், சுவரில் உள்ள படத்தை இறக்கி அதன் பின்புறத்தை நோக்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கின்றோம்.